பிடித்து விடுகிற வேலை

ஆடிப்பெருக்கில் காவிரி எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐப்பசியில் அது என்ன செய்கிறது என்பது கரையில் பிழைத்தவர்களுக்குத்தான் தெரியும். தென்மேற்குப் பருவமழையின் செந்தண்ணீர் வடிந்து, பாறைகள் ஒவ்வொன்றாகத் தலை காட்டும். டீ நிறத்தில் ஓடிய ஆறு மெல்லப் பச்சைக்கு மாறும். அப்புறம் ஒரு ராத்திரி மழை, மறுபடியும் கலங்கல். கலங்கியும் கலங்காமலும் கிடக்கிற அந்த இரண்டு மூன்று நாட்களில் பெரிய மீன் வெறியோடு இரை எடுக்கும். அந்த நாட்களை நம்பி லண்டனிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள் உண்டு. மீன் எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கிறது என்று அவர்களுக்குக் காட்டுவதுதான் 1998 முதல் 2012 வரை என் வேலை.

எங்கள் ஊர் கர்நாடகத்தில் கொள்ளேகால் பக்கம். அந்தத் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு வரைபடத்தில் கோடு மாறியது, எங்கள் வீட்டுப் பேச்சு மாறவில்லை. வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம், முகாமில் மீன் பிடிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் இங்கிலீஷ். 'ஸ்ட்ரைக்', 'வெயிட்', 'நோ சார், ராக்' என்கிற மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

என்னைச் சேர்த்துவிட்டவர் என் தாய்மாமன். அவர் முகாமின் மூத்த கைடு. அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவரே விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டு சொல்வார். கல் உடைக்கிற இடத்தில் வாங்கிய டைனமைட் குச்சியை மடுவில் போடுவார். ஒரே வெடியில் பெரிதும் சிறிதுமாக மீன்கள் வயிறு மேலாக மிதக்கும். பாதியைத்தான் எடுக்க முடியும், மீதி ஆற்றோடு போகும். 1970களின் கடைசியில் ஆங்கிலேய இளைஞர்கள் மூவர் தூண்டிலோடு இந்தியா வந்து, மஹ்சீர் இன்னும் காவிரியில் இருக்கிறது என்று ஊர் திரும்பிச் சொன்னார்கள். அதன் பிறகுதான் முகாம்கள் வந்தன. மீன் எங்கே இருக்கும் என்று திருடனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால், வெடி வைத்தவர்களையே கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். ஒரு மீனைக் கொன்று சந்தையில் விற்றால் ஒரு தடவைதான் காசு, அதையே பிடித்து விட்டால் வருஷாவருஷம் காசு. இந்தக் கணக்கு மாமாவுக்கு ஒரே சீசனில் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் மடுக்களில் யாராவது வெடி வைத்தால் முதலில் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான்.

மஹ்சீர் என்று நான் சொல்வதைத் தமிழில் பூமீன் என்பார்கள். கெண்டை இனம். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண சிவில் அதிகாரி 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமே எழுதி, சால்மனைவிட இதைத் தூக்கி வைத்துப் பேசினார். 1946இல் மைசூர் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. வளர்ந்த மனிதன் ஒருவனின் எடை. எங்கள் பக்கத்து மஹ்சீருக்குத் தலைக்குப் பின்னால் காளைக்கு இருப்பதுபோல ஒரு திமில் எழும்பியிருக்கும், வாலும் துடுப்புகளும் செம்மஞ்சளாக இருக்கும். காவிரியையும் அதன் கிளை நதிகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

வேலை விடியற்காலை நாலு மணிக்கு ராகி மாவில் ஆரம்பிக்கும். கெட்டியாகக் களி கிண்டி, எலுமிச்சை அளவிலிருந்து ஆரஞ்சு அளவு வரை உருட்டி, மறுபடி வேகவைக்க வேண்டும். இளகினால் நீரோட்டத்தில் கரையும், இறுகினால் முள் மீனின் வாயில் ஏறாது. ஒவ்வொரு கைடுக்கும் ஒரு மசாலா ரகசியம் உண்டு. மாமா பெருங்காயம் சேர்ப்பார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஒன்றுமே சேர்ப்பதில்லை. மற்றவர்கள் வீணாகப் பெருங்காயம் வாங்கட்டும் என்று கிளப்பிவிட்ட கதை அது.

ஆற்றில் கல் அதிகம். உருண்டை ஈயம் கட்டினால் இடுக்கில் மாட்டிக்கொள்ளும் என்று, ஈயத்தகட்டைக் கீற்றாக வெட்டிக் கம்பிபோல நூலில் சுற்றுவோம். மாட்டினால் ஈயம் கழன்றுவிடும், நூல் பிழைக்கும். பரிசலில் போய்ப் பாறையில் ஏறி உட்கார்ந்து, நூலை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சின்ன மீன் கொத்தும். பெரியது கொத்தாது, நூல் லேசாகத் தளரும், அடுத்த நொடியில் ரீல் அலறும். முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் போய் ஏதாவது ஒரு பாறையைச் சுற்றிக்கொள்ளும். அப்போது கைடு பரிசலைத் துழாவிக்கொண்டு போய், அறுந்துவிடாமல் நூலை விடுவிக்க வேண்டும். முதலை இருக்கிற ஆறு. காலை உள்ளே வைத்துக்கொள் என்று மட்டும் மாமா சொல்லிக்கொடுத்தார்.

பெரும்பாலான நாட்களில் இது எதுவுமே நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள், நாலு நாள் கொத்தே இருக்காது. கைடின் உண்மையான வேலை அப்போதுதான். நீர்நாய்களைக் காட்டுவோம், நீர்மருத மரத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்பருந்தைக் காட்டுவோம், எதிர்க்கரையில் தண்ணீர் குடிக்க வரும் யானையைக் காட்டுவோம். அதுவும் தீர்ந்தால் அவர்களுடைய குடும்பக் கதையைக் கேட்போம். பாதிதான் புரியும், தலையை முழுசாக ஆட்டுவோம்.

வீரப்பன் காலத்தில் விருந்தாளிகள் குறைந்தார்கள். 2000இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் வைத்திருந்தபோது, அந்த ஐப்பசி சீசன் முழுக்க நாங்கள் ராகியைச் சாப்பிட்டுத்தான் தீர்த்தோம். தண்ணீர்ச் சண்டை வருகிற வருஷங்களில் இரண்டு மாநிலத்திலும் பஸ் ஓடாது. எங்கள் பரிசலில் ஒரு தமிழனும் ஒரு கன்னடத்துக்காரனும் ஒரே துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்போம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வேறு ஆள் கிடையாது.

2007 ஐப்பசியில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். முதல் இரண்டு தடவையும் சின்ன மீன்கள்தான். இந்த முறை ஐந்தாம் நாள், கடைசி நாளுக்கு முந்தின நாள், இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது நூல் தளர்ந்தது. ஐம்பது நிமிஷம். இரண்டு தடவை பாறையில் சுற்றி, இரண்டு தடவையும் நான் போய் எடுத்தேன். கரைக்கு வந்தபோது வெளிச்சம் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் திமில் மஹ்சீர். அந்த சீசனில் நாங்கள் பார்த்த முதல் திமில். தூளியில் வைத்துத் தூக்கினோம், தராசு 70 பவுண்டு காட்டியது.

பெரியவர் அழுதார். பிறகு, காலை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுக்க முடியுமா என்று கேட்டார். அந்த நாளில் அது வழக்கம்தான். வாயோரத்துச் சவ்வில் கயிறு கோத்து, ஆழமான இடத்தில் கட்டி வைத்து, காலையில் போட்டோ எடுத்து விடுவார்கள். மாமா வேண்டாம் என்றார்.

“இப்பவே விட்டுரு மாப்ளே. போட்டோ என்னடா போட்டோ.”

“கடைசி நாள் மாமா. ஆசைப்படறாரு. ஆழத்துலதான கட்டறேன்.”

ஆசைப்பட்டது அவர் மட்டுமல்ல. காலையில் நல்ல போட்டோ கிடைத்தால் டிப்ஸ் எவ்வளவு வரும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். அந்த மாதம் வீட்டில் பணத்தேவை இருந்தது. எந்த மாதம்தான் இல்லை?

மேலே சிவசமுத்திரத்தில் மின்சார நிலையம் இருக்கிறது, 1902 முதல் ஓடுவது. அங்கே தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதற்கு ஏற்ப எங்கள் ஆறும் ஏறி இறங்கும். எங்களுக்கு அது புதிதல்ல. அன்று ராத்திரி ஆறு இறங்கியது. நான் எழுந்து பார்க்கவில்லை. விடியற்காலையில் போனபோது, கட்டிய இடத்தில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மீன் இரண்டு கல்லுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தது. தண்ணீருக்குள் இழுத்து, நீரோட்டத்துக்கு முகம் காட்டி, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். செவுள் அசையவில்லை. கையை எடுத்தால் சாய்ந்தது.

பெரியவர் காமிராவோடு வந்தார், பார்த்தார், காமிராவைப் பையில் வைத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மறுநாள் போகும்போது டிப்ஸும் கொடுத்தார், நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இருபது வீட்டுக்குக் குழம்பு. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் வெடி வைத்துக் கொன்ற மாமா, அதில் கத்தி வைக்க விடவில்லை. பரிசலில் ஏற்றி, வயிற்றில் கல்லைக் கட்டி, பெரிய மடுவின் நடுவில் இறக்கினார். கரைக்குத் திரும்பும்வரை பேசவில்லை. முகாமில் ஒரு பதிவேடு உண்டு. தேதி, விருந்தாளி, எத்தனை மணி நேரம், எடை, கடைசிக் கட்டத்தில் 'விடப்பட்டது' அல்லது 'இறந்தது'. எழுதுவது என் பொறுப்பு. 'விடப்பட்டது' என்று எழுதினேன்.

2012இல் முகாமில் தூண்டில் நின்றது. அந்த இடம் காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள், பிடித்து விடுவதானாலும் தூண்டில் போடக்கூடாது என்று விளக்கம் வந்தது. சட்டம் அப்படித்தான் என்றால் அப்படித்தான். மீனின் வாயில் முள்ளைக் குத்துவது விளையாட்டா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை. ஆனால் ராத்திரி வெடிச்சத்தம் கேட்டால் கட்டையோடு ஓட இப்போது யாருக்குச் சம்பளம் என்பதற்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கைடுகளில் சிலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். நான் டெம்போ ஓட்டுகிறேன்.

சில வருஷம் கழித்து இன்னொரு விஷயம் தெரிந்தது. 2015இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை விருந்தாளிகள் பிடித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கை வைத்து எழுதியது. மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மஹ்சீர். திமில் மஹ்சீர் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து, குட்டிகளே கண்ணில் படாத நிலைக்கு வந்திருந்தது. நீலத்துடுப்பு எங்கள் ஆற்று மீனே அல்ல. மகாராஷ்டிரத்தில் லோணாவாலாவில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். நான் பையனாக இருந்தபோது பிளாஸ்டிக் பைகளில் ஆக்சிஜன் அடைத்து வந்த குஞ்சுகளை இறக்கிவிட்ட கைகளில் என் கையும் ஒன்று. ஆற்றுக்கு நல்லது செய்கிறோம் என்று ஊரே நின்று கைதட்டியது. அணைகள், மணல் அள்ளுவது, வெடி, விஷம் என்று திமிலுக்கு எத்தனையோ எதிரிகள். இந்தக் குஞ்சுகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். இருந்தாலும் அந்தப் பை என் கையில் ஜில்லென்று இருந்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேல் துரைகள் தேடித் தேடிப் பிடித்த இந்த மீன் எந்த இனம் என்பதே 2018இல்தான் முடிவானது. 'டோர் ரேமாதேவி', மீன் ஆய்வாளரான ஓர் இந்தியப் பெண்மணியின் பெயர். அதே வருஷம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சர்வதேசப் பட்டியலிலும் அது ஏறியது. பெயர் கிடைத்ததும் மரணப் படுக்கையில் சேர்த்தாயிற்று. மோயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள்.

அந்தக் கட்டுரையில் எங்கள் முகாமின் பதிவேடு இல்லை. அது எனக்கு நிம்மதியா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. முகாம் கலைந்தபோது பழைய நோட்டுகள் மூலையில் கிடந்தன. 2007ஐ மட்டும் எடுத்து வந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். போன ஐப்பசியில், மழைக்கு வண்டி ஓடாத ஒரு நாள், அந்தப் பக்கத்தைத் திறந்து 'விடப்பட்டது' என்பதை அடித்து 'இறந்தது' என்று எழுதினேன். மாமா திண்ணையில் இருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை, நான் படித்துக் காட்டினேன்.

“எத்தனை பவுண்டுன்னு போட்டிருக்கே?” என்றார்.

“எழுபது, மாமா.”

“எழுபத்திரண்டு இருக்கும்” என்றார்.