குண்டு விழுந்த தூரம்

போர் விமானம், கப்பல், ஏவுகணைன்னு பேச ஆரம்பிச்சா எந்த ஹாஸ்டல் ரூமிலும் முதல்ல வர்ற கேள்வி ஒண்ணுதான்: "ரேஞ்ச் எவ்ளோடா?" வேகம், எடை, ரேடார் எல்லாம் அப்புறம்தான். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு சுகோய்-30 படைப்பிரிவு வந்த பிறகு, சிதம்பரத்துல இருக்கிற எங்களுக்கு இது பக்கத்து ஊர் விஷயமாவே ஆயிடுச்சு. அந்த விமானம் சுமக்கிற பிரம்மோஸ் 290 கிலோமீட்டர் போகுமா, 450 போகுமான்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனா ரேஞ்ச் என்கிற அந்த ஒரே எண்ணை வெச்சு ஊர் ஊரா வாங்கின கதை ஒண்ணு, இங்கேயே கடலூரில் நடந்திருக்கு.

வருஷம் 1690. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை. செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போ சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலைஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில் இருப்பதுதான். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துத்தான் விற்பனை. எவ்வளவு நிலம்? யாரும் சங்கிலி போட்டு அளக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு. அந்த செப்டம்பரில் பல திசைகளில் சுட்டுப் பார்த்தார்கள். அந்த எல்லைக்குள் வந்த கிராமங்களும் கடலூர் பட்டணமும் கம்பெனிக்குப் போயின. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. கடலூர்க்காரங்களுக்கு குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் தெரியும். அந்தக் 'குண்டு' இந்தப் பீரங்கிக் குண்டுதான்னு ஊரில் சொல்வாங்க.

முதல் வருஷம் படிச்ச புராஜெக்டைல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்க. காற்றுத் தடையை விட்டுட்டா 45 டிகிரியில் அதிக தூரம். ஆரம்ப வேகம் ரெண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. அதைவிட முக்கியம், வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குண்டு பத்து சதவீதம் கூடுதலா போனா நிலம் 21 சதவீதம் கூடும். நல்ல பீரங்கி, கொஞ்சம் கூட மருந்து, சரியான கோணம், இது மூணும் அன்னைக்கு நிலமாவே மாறியிருக்கு.

ஒப்பந்தம் செஞ்சிக்கும் சென்னைக்கும் நடுவில். குண்டு விழுந்த ஊர்க்காரங்க அதில் ஒரு தரப்பே இல்லை. நேத்து வரைக்கும் ஒருத்தருக்கு வரி கட்டினவர், தன் வயலைத் தாண்டி ஒரு இரும்பு உருண்டை விழுந்ததால் வேறொருத்தருக்குக் கட்டணும்.

சிதம்பரம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கு, குண்டு எட்டாது. ஆனா பீரங்கியைத் தூக்கிக்கிட்டு வரலாமே! 1781 ஜூனில் நடராஜர் கோவில் மதிலுக்குள் ஹைதர் அலியின் ஆட்கள் கோட்டை மாதிரி நிலைகொண்டிருந்தாங்க. கடலூரிலிருந்து வந்த அயர் கூட்டின் படை கோவிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கியது. ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் பெரிய போர். அதில் கூட் ஜெயித்தார்.

இப்போ பிரம்மோஸுக்கு வருவோம். அந்த 290 இன்ஜினால மட்டும் வந்த எண் இல்லை. 500 கிலோ சுமையோடு 300 கிலோமீட்டர் தாண்டும் ஏவுகணைகள் கைமாறுவதைத் தடுக்க நாடுகளுக்குள் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கு. ரஷ்யா அதில் உறுப்பினர், இந்தியா அப்போ இல்லை. அதனால் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச ஏவுகணை 290-ல் நின்னது. 2016 ஜூனில் இந்தியாவும் உறுப்பினர் ஆச்சு, 2017 மார்ச்சில் கூடுதல் தூர பிரம்மோஸை சோதிச்சாங்க. 1690-இல் காகிதம் பீரங்கியிடம் தூரம் கேட்டது. இங்கே ஏவுகணை காகிதத்திடம் கேட்டது.

மேப்பில் கடலூரை நடுவில் வெச்சு 290 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. மதுரை உள்ளே வரும். பெங்களூரு உள்ளே வரும். யாழ்ப்பாணமும் உள்ளே வரும். நம்ம வீடுகளில் பாதி அதுக்குள்ள இருக்கும். வேறொரு நாட்டில் நம்மளை மாதிரியே ஒரு ஹாஸ்டல் கூட்டம், வேறொரு ஏவுகணைக்கு இதே மாதிரி வட்டம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும்.

ரேஞ்ச் பேச்சை நான் விடப்போறதில்லை, அது அவ்ளோ சுவாரசியம். "எவ்ளோ"ன்னு கேட்ட கையோடு "அந்த வட்டத்துக்குள்ள எந்தெந்த ஊர்?"னும் இப்போ கேட்கிறேன். அதைக் கேட்டதும் ரூமில் கொஞ்ச நேரம் யாரும் பேசுறதில்லை. அப்புறம் ஒருத்தன் அவன் ஊர்ப் பெயரைச் சொல்றான்.