கிளிஞ்சல் கொதித்த நாள்

திருவிடைமருதூரில் தாத்தா வீட்டு மாடி அறைக்குப் பாட்டி வைத்த பெயர் ‘மேலடுப்பு’. கீழே ரேழியும் கூடமும் சித்திரையிலும் சில்லென்று இருக்கும். பதினேழு மரப்படி ஏறினால் காதுமடல் சுடும். மாமா கல்யாணத்துக்காக அவசரமாக எழுப்பிய அறை. மேலே சீமை ஓடு. அடியில் அழகுக்குப் பலகை அடைத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு இரண்டு இடத்தில் கண்ணாடி ஓடு. அதன் வழியாக இறங்கிய வெயில் பகல் முழுக்கக் கட்டில்மேல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

1978 கோடை லீவு. எனக்கு ஒன்பது வயது. அக்னி நட்சத்திரம் பிறந்த மூன்றாம் நாள் மாமா தலையணையோடு திண்ணைக்கு இறங்கிவந்தார். அத்தை கூடத்துக்கு வந்துவிட்டாள். “காசு கொட்டிக் கட்டுன ரூம்ல எலி கூடத் தங்கமாட்டேங்குது” என்றாள் பாட்டி.

முதலில் தண்ணீர் வைத்தியம். மாமா ஏணியில் நின்று ஓட்டின்மேல் வாளி வாளியாக ஊற்றினார். இறைத்துக் கொடுத்தது நான். ‘உஸ்’ஸென்று ஆவி கிளம்பும். அரைமணி நேரம் சுகம், அப்புறம் புழுக்கம். மேட்டூர் திறக்க ஜூன் 12 ஆகவேண்டும். காவிரி வெறும் மணலாகக் கிடந்தது, கிணற்றிலும் அடியில்தான் தண்ணீர். மூன்றாம் நாள் பாட்டி ராட்டினத்துக் கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

முற்றத்துத் தளத்தைப் பூச வந்த கொத்தனார்தான் ராத்திரி மேலே ஏறிப்போய், பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். “ஓடு எட்டு மணிக்கே ஆறிடுச்சு. நடுவுல அடைபட்ட காத்துதான் ஆறல. வெயில உள்ள விட்டுட்டு அப்புறம் தண்ணிய ஊத்தி என்ன பண்றது? மேலயே நிறுத்துங்க. மீறி வந்ததுக்கு வழி விடுங்க.”

மறுநாள் இரு பக்கச் சுவரின் உச்சியிலும் நாலு நாலு செங்கல்லைப் பெயர்த்து, அணில் நுழையாமல் கம்பிவலை அடித்தார். முகட்டையொட்டி ஒரு பலகையை உருவினார். தேங்கிய உஷ்ணம் அந்த வழியாக வெளியேறியது. கொல்லைத் தென்னையின் மட்டைகளைக் கிணற்றடிக் குழியில் ஊறப்போட்டுப் பாட்டி கீற்று முடைந்தாள். மேற்குச் சரிவில் ஓட்டுக்கும் கீற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிலில் கட்டினார்கள்.

மிச்சமிருந்த ஓட்டுக்குச் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது குமுறிக் கொதித்தது. “கிட்ட வராதே, கண்ணு போயிடும்” என்று அதட்டினார் கொத்தனார். வீட்டைக் குளிரவைக்க வந்த சாமானா இப்படிக் கொதிக்கிறது என்று தூணோரம் நின்று வாய்பிளந்து பார்த்தேன். ஆறியபின் வடிகட்டி, சோற்றுக்கஞ்சி கலந்து இரண்டு கோட் அடித்தார்கள். கண்ணாடி ஓடும் தப்பவில்லை. ஏணியை ஓட்டின்மேல் படுக்கவைத்து அதில்தான் நடந்தார்கள். அப்படியும் ஏழு ஓடு உடைந்தது. அதையும் சேர்த்து, மாமா விலை கேட்டு வைத்திருந்த மேஜை விசிறியில் கால்பங்குகூட ஆகவில்லை.

2023-ல் தெலங்கானா அரசு ‘கூல் ரூஃப்’ கொள்கை கொண்டுவந்த செய்தியைப் படித்தபோது, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரை என்ற வரியில் எனக்குக் கஞ்சி வாசனை அடித்தது.

சுண்ணாம்பு அடித்த அன்று சாயங்காலம் பாட்டி பதினேழு படியும் ஏறினாள். பலகையில் கைவைத்தாள். பாராட்டு வருமென்று மாமா காத்திருந்தார். “வடகம் இனிமே இங்க காயாது” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அதுவரை அந்த அறையில் அவள் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தது மாமாவுக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்து முற்றமெல்லாம் பால் ஓடியதாக அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அடுத்த சித்திரையில் நான் போனபோது, வாசலில் கிளிஞ்சல் கூடை இறங்கியிருந்தது.