தேத்தண்ணி ஒரு மணி நேரம் பொறுக்கட்டும்

ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளையைக் கண்டதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட?" கண்டி மாவட்டத்தின் பன்விலை, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வத்தேகமவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் அநேகர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ரொட்டியும் தேத்தண்ணியும் சேர்." சிலர் வெறும் தேத்தண்ணி என்பார்கள். சிலர் பதில் சொல்லாமல் சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்துகொள்வார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அன்றைக்கு யார் மேட்டில் ஓடுவது, யார் மெதுவாக இரண்டு சுற்றுப் போய்விட்டு உட்காருவது என்று பிரிப்பேன். கையில் இருக்கும் நிறுத்தற் கடிகாரம் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும்.

ரொட்டியை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்தும் 10 கிராம் புரதமும் இருக்கின்றன. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தால் கொழுப்பும் சேர்ந்து பசி தாங்கும். ஓடுகிறவனுக்கு மாச்சத்துதான் முதல் எரிபொருள். மத்திய தூர, நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 5 முதல் 7 கிராம் மாச்சத்து தேவை என்று விளையாட்டுப் போசணை நூல்கள் சொல்கின்றன. 45 கிலோ பிள்ளைக்கு 6 கிராம் என்று வைத்தாலும் 270 கிராம். லயத்து வீட்டுச் சோறும் ரொட்டியும் பாணும் அந்தக் கணக்கை ஓரளவு நிரப்பிவிடும். ஆனால் கூட இருக்க வேண்டிய பருப்பும் முட்டையும் நெத்தலியும் கீரையும் மாதக் கடைசியில் தட்டை விட்டுப் போய்விடும். ரொட்டியோடு சேர்ந்து வரும் அந்தக் கோப்பைதான் அடுத்த சிக்கல்.

தேயிலையை வளர்த்துக் கொழுந்து பறித்துக் கொடுக்கிற சனத்திடம் தேத்தண்ணியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் நேரத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். தேயிலைச் சாயத்தில் இருக்கும் பொலிபினோல்கள் பருப்பிலும் கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்புக்குள் போக வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். இறைச்சி, மீனில் இருக்கும் இரும்பு அவ்வளவு பாதிக்கப்படாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் இறைச்சியை ஞாயிற்றுக்கிழமையோ திருநாளோ வந்தால்தான் காண்கிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காயோ கொய்யாவோ நெல்லிக்காயோ சேர்ந்தால் விற்றமின் சீ அதே இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும். கொய்யா இங்கே வேலியோரத்தில் காய்க்கிறது. இதற்குக் காசு வேண்டாம், பழக்கம்தான் வேண்டும்.

1500 மீற்றர் ஓடிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கால் நீளம், நடை அழகு, பிடிவாதமும் நிறைய. வலய மட்டப் போட்டிக்கு முந்திய மாதங்களில் அவளுடைய நேரம் குறையாமல் அப்படியே நின்றது. பிறகு கூடத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் உதடு வெளுத்து, தோள் மேலேறி, மூச்சு வாயால் வந்தது. கூட ஓடிய பிள்ளைகள் அவளைச் சோம்பேறி என்றார்கள். ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லோரும் பையைக் கட்டும்போது, அவள் சீருடைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பச்சரிசி. "எப்பவும் திங்கிறியா?" என்று கேட்டேன். "திங்காம இருக்க ஏலாது சேர்" என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை.

பச்சரிசி, மண், சோக்குக்கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புக் குறைபாட்டின் பழைய அடையாளம். எங்கள் அம்மாமார் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருகிற ஆசை என்று விட்டுவிடுவார்கள். அவளை அம்மாவோடு அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்பினேன். பெண்பிள்ளைகளுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. அவளுக்கு நன்றாகவே குறைந்திருந்தது. வைத்தியர் இரும்பு மாத்திரை கொடுத்தார், அதைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கச் சொன்னேன். கடும் பயிற்சியை நிறுத்தி நடையும் மெல்லோட்டமுமாக வைத்தேன். செங்குருதிக் கலம் ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். இரத்தம் ஊறுவதற்குள் போட்டி போய்விடும் என்று தெரிந்தும் பொறுத்திருந்தோம். அந்த வருடம் அவள் ஓடவில்லை. அடுத்த வருடம் ஓடினாள். மூன்றாவது சுற்றில் வாயை மூடிக்கொண்டு ஓடுகிறாளா என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடசாலையில் வாரம் ஒன்றாகத் தரும் இரும்பு மாத்திரையைப் பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் எறிவது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பயம். கறுப்பது மாத்திரையின் இயல்பு, நோய் இல்லை என்று யாராவது நின்று சொன்னால் விழுங்குவார்கள். ஆனால் இரத்தம் சோதிக்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய இரும்பும் கேடுதான். மாதவிடாய் தள்ளிப்போகிறதா, நின்றுவிட்டதா என்பதை ஆசிரியை ஒருவர் கேட்டு வைத்திருக்க வேண்டும். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பின்னால் எலும்பு பலவீனமாகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலிருந்து இதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசி வருகிறது.

அடுத்தது நேரம். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது. இடைவேளையில் தின்றது பத்தரை மணிக்கு. பயிற்சி இரண்டு மணிக்கு. பன்விலைப் பக்கம் போகிற பிள்ளைக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மத்தியான மழையும் வரும். ஆகவே எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதுவும் வெறும் வயிற்றோடு நிற்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த மாச்சத்து, நன்றாகச் சாப்பிட்ட வளர்ந்தவருக்கே ஒன்றரை மணி நேரக் கடும் ஓட்டத்துக்குத்தான் காணும். ஈரலில் உள்ளது ராத்தூக்கத்திலேயே பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால் ஒன்றரை மணிக்கு மணி அடித்ததும் ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு கை அவித்த கடலை. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் சோறும் பருப்பும், முடிந்தால் ஒரு முட்டை. சோற்றில் குறையும் புரதக் கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவது சோற்றில் இருக்கிறது. நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கடையில் பளபளக்கும் புரதப் பொடி டப்பாவை விட ஒரு பிடி நெத்தலியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அந்த டப்பாக்களைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். கண்டி ரக்பி ஊர். பெரிய உடம்பைப் பார்த்து வளரும் பையன்கள் பொடி வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அடம்பிடிக்கிறார்கள். அந்தக் காசுக்கு வீடு முழுக்க ஒரு மாதம் முட்டை தின்னலாம். அதோடு, டப்பாவின் மேல் எழுதாத பொருள் உள்ளே இருந்தால் பொறுப்பு குடித்தவனுக்குத்தான். 2010 டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இலங்கை குத்துச்சண்டையில் வென்ற தங்கம், நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்துக்கான சோதனையில் சிக்கிப் பறிபோனது. 2013இன் 33ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு ஊக்கமருந்து விடயத்தில் இங்கே கண்டிப்பு கூடியிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைக்குப் பொடி வேண்டாம் என்பது என் உறுதியான முடிவு.

பயிற்சி முறைக்கு வருகிறேன். "மலைநாட்டுப் பிள்ளைகள், நுரையீரல் இயற்கையிலேயே பெருசு" என்று கீழ்நாட்டு ஆசிரியர்கள் சொல்வதுண்டு. வத்தேகம கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 500 மீற்றர்தான். உயரத்தால் இரத்தம் பெருகுவதற்கு 2000 மீற்றரை ஒட்டிய இடம் வேண்டும். நுவரெலியாவே 1868 மீற்றர். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது சரிவு. சின்ன வயதிலிருந்து மேட்டிலும் படியிலும் நடந்து வைரம் பாய்ந்த கால். நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் மேட்டு ஓட்டத்தைத் தன் பயிற்சியின் முக்கிய கட்டமாக வைத்தார். அவருடைய மாணவர்கள் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் மரே ஹால்பேர்க் 5000 மீற்றரிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். அவர் தேடிப் போன மேடு எங்கள் வாசலிலேயே இருக்கிறது.

தேயிலை மலைக்கு நடுவே போகும் பாதையில் 60, 70 மீற்றர் மிதமான சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வேன். முழங்காலை உயர்த்தி, கையை வீசி, மேலே ஓடுவது. கீழே நடந்து வருவது. கீழே ஓட விடமாட்டேன். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் அடுத்த இரண்டு நாளும் வலி எடுக்கும். மழை பெய்த மறுநாள் அட்டை கடிக்கும். காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு ஓடுவோம். இது வாரத்தில் ஒருநாள். இன்னொரு நாள், சுவீடனின் கெஸ்டா ஹோல்மர் 1930களில் உருவாக்கிய 'ஃபார்ட்லெக்' ஓட்டம்: ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்ததுக்கு வேகம், அடுத்த இரண்டுக்கு மெல்லோட்டம். மீதி நாள்கள் முழுக்க மெதுவான ஓட்டம்.

மெதுவாக ஓட வைப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள். ஓடும்போதே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். மூச்சு முட்டி "ஏழாறு..." என்று நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். இதயத் துடிப்பை அளக்கும் கடிகாரம் இல்லாத இடத்தில் வாய்ப்பாடு அதே வேலையைச் செய்கிறது. உலகின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களின் பயிற்சியிலும் ஐந்தில் நான்கு பங்கு இலகுவான ஓட்டம்தான் என்பதை ஸ்டீபன் சைலர் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் சுமந்து, தம்பி தங்கையைப் பார்த்து, விறகும் பொறுக்கிவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த வேலையையும் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டும். நான் எழுதுகிறேன்.

கொழும்பு சுகததாச மைதானத்துக்குப் போகும்போது வேறு தொல்லை: புழுக்கம். இங்குள்ள குளிருக்குப் பழகிய உடம்பு அங்கே வேர்த்துக் கொட்டும். உடல் நிறையில் 2 வீதம் வேர்வையாய்ப் போனாலே ஓட்டம் தளரும்; 45 கிலோ பிள்ளைக்கு அது 900 கிராம். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வேர்வையில் தண்ணீரோடு போகும் தாதுக்களில் பெரும்பகுதி உப்பு. அதனால் நீண்ட நேரம் வெயிலில் நிற்கிற நாளில் இளநீரோடு உப்புப் போட்ட கஞ்சி, அல்லது பாமசியில் வாங்கும் ஜீவனி உப்புக் கரைசல்.

கண்டியில் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைகள் இருக்கின்றன. குண்டசாலை முத்தையா முரளிதரன் டெஸ்டில் 800 விக்கெட் எடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அதற்காக அவர் 44,039 பந்து வீசினார் என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் டங்கன் வைட், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்று, இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டு வந்தார். யுத்தம் முடிந்து உணவுப் பங்கீடு நடந்துகொண்டிருந்த லண்டன் அது. சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு 2600 கலோரி என்றிருந்த நேரத்தில், போட்டியாளர்களுக்குத் துறைமுக, சுரங்கத் தொழிலாளர்களுக்குரிய 5467 கலோரிப் பங்கீடு கொடுத்தார்கள். பஞ்ச காலத்திலும் ஓடுகிறவனுக்குச் சோறு போட வேண்டும் என்று அந்த அரசு முடிவெடுத்தது.

எங்கள் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது பழைய மாணவர் சங்கங்களும் கடைக்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் ரீசேட்டும் கிண்ணமும் வாங்கித் தருகிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். அடுத்த முறை ஒரு மூட்டை கொண்டைக்கடலை, சில தட்டு முட்டை, பயிற்சி நாள்களுக்கு வாழைப்பழச் சீப்பு என்று மாற்றித் தாருங்கள். கிண்ணம் ஒன்றே போதும். பருவம் தொடங்குமுன் ஓடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, ஒரு தடவை இரத்தம் சோதிக்க வைத்தியசாலையோடு பேசி ஒழுங்கு செய்யுங்கள். அம்மாமாரே, பிள்ளைக்கு ரொட்டியைக் கொடுங்கள், சம்பலில் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள். தேத்தண்ணியை மட்டும் ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.