பட்டியல்

ராயல்டி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இசையை விட்டுவிட்டு இசையின் பட்டுவாடாவைப் பற்றி ஏன் என்று நண்பர் கேட்டார். பகலெல்லாம் வங்கியில் பட்டுவாடாதான் செய்கிறேன் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் விஷயத்துக்குள்ளேயே இருக்கிறது.

1847இல் பாரிஸ் காப்பிக்கடை ஒன்றில் தம் பாட்டு ஒலிப்பதைக் கேட்ட எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர், பாட்டுக்குக் கடைக்காரர் பணம் தராதபோது தாமும் குடித்ததற்குத் தரப்போவதில்லை என்று மறுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1851இல் பிரான்ஸில் ஆசிரியர்களின் வசூல் சங்கம் ஏற்பட்டது. பூர்ழேக்கு ஒரு சௌகரியம். பாட்டு ஒலித்த இடத்தில் அவரே உட்கார்ந்திருந்தார். ஒலிபரப்பு வந்ததும் அது போயிற்று. பல ஊர்களில் ஒரே சமயத்தில் ஒலிப்பதை எழுதியவன் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவனுக்காக யாராவது கேட்டுக் குறித்துவைக்க வேண்டும்.

திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் இந்தக் குறிப்புக்கு க்யூ ஷீட் என்று பெயர். எந்த இசை, எத்தனை நிமிஷம் எத்தனை வினாடி, காட்சிக்குள் ஒலிக்கிறதா பின்னணியிலா, அமைத்தவர் யார், எழுதியவர் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று வரிசையாக எழுதித் தயாரிப்பாளர் தரப்பு கொடுக்கவேண்டும். விட்டுப்போன பதினெட்டு வினாடி, பணத்தைப் பொறுத்தவரை, இசைக்கப்படவே இல்லை.

நம் நாட்டில் 1969இல் ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் தொடங்கியது. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம், பணம் கொடுத்துச் செய்வித்த படப்பாடலுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. தியேட்டரில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் உள்ள சமபங்கை வாரிசுக்கோ வசூல் சங்கத்துக்கோ தவிர அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே தியேட்டருக்கு வெளியே எப்போது, எங்கே ஒலித்தது என்ற குறிப்புதான் இன்று அவர்கள் வருமானம்.

கேட்கிற வேலையை இப்போது எந்திரம் செய்கிறது. ஒலியின் உச்சப்புள்ளிகளிலிருந்து கைரேகைபோல ஒன்றை எடுத்துச் சேமிப்பில் தேடுகிறது. இரைச்சலுக்கு நடுவிலும் கண்டுபிடித்துவிடும். ஆனால் அது அறிவது பதிவை, பாட்டை அல்ல. அதே பாடகி அதே பாட்டை மேடையில் சற்று நிதானமாகப் பாடினால் இந்த முறைக்கு அது அந்நியம். பதிவுக்கு ஓர் எண், பாட்டுக்கு வேறோர் எண். இரண்டையும் முடிச்சுப்போட, எழுதியவன் பெயர் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்படுகிறான்.

முடிச்சு விழாத பணம் என்ன ஆகிறது? வங்கியில் இன்னாருடையது என்று தெரியாத தொகை சஸ்பென்ஸ் கணக்குக்குப் போகும். இனிஷியல் பொருந்தாமல் ஒரு விதவையின் பணம் ஏழு மாதம் அதில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பணம் இருந்தது, ஆளும் இருந்தார், நடுவே ஓர் எழுத்து. ஆனாலும் வங்கியில் ஒரு நியாயம் உண்டு. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போனாலும், உரியவர் பிறகு வந்து கேட்டால் கொடுத்தாகவேண்டும். இசையில் அப்படியில்லை. இணையத்தில் கேட்கப்படும் பாடல்களுக்காக அமெரிக்காவில் 2018இல் வந்த சட்டம், உரியவர் அகப்படாத ராயல்டியைச் சில காலம் வைத்திருந்துவிட்டு, மற்ற உரிமையாளர்களுக்குச் சந்தைப் பங்குப்படி பிரித்துக்கொடுக்க வழிசெய்கிறது. பெயர் தெரியாதவன் பணம், அதிகம் கேட்கப்படுகிறவன் வீட்டுக்குப் போகிறது. இது கணக்குப் பிரச்னை மட்டும்தானா? இலக்கியத்திலும் விட்டுப்போனவனின் கவனம் ஏற்கெனவே பிரபலமானவனுக்கே போய்ச் சேர்கிறது. அங்கே அதைச் சட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

க.நா.சு. விமர்சனம் செய்யவில்லை, பட்டியல் போடுகிறார் என்று கேலி செய்தவர்கள் உண்டு. காரணம் சொல்லாத பட்டியல் போதாது என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் அவர் படித்துவிட்டுப் போட்டார். அதிகம் விற்றவனை அவர் எழுதவில்லை. தம் காதில் விழுந்தவனை எழுதினார். பட்டியல் கீழான காரியம் என்று நாம் ஒதுங்கினால் அது நின்றுவிடப்போவதில்லை. கேட்காதவர்கள் போடுவார்கள்.