ரஸ்ஸல் தெருவில் ஒரு ஞாயிறு

கல்கத்தாவுக்குச் செல்லும் நம்மவர், காளி கோயிலையும் விக்டோரியா மண்டபத்தையும் கண்டு, கடைவீதியில் இரண்டொரு பொருள்களை வாங்கிக்கொண்டு மாலை வண்டியில் திரும்பிவிடுவது வழக்கம். 2001-ஆம் ஆண்டு முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா என்று மாறியிருப்பினும், கரக்பூரில் வாழும் நம் குடும்பங்களின் நாவில் அது இன்னும் கல்கத்தாவே. அங்கே நம்மவர் அதிகம் பாராத தெரு ஒன்றைப் பற்றியும், அத்தெருவில் நான் கற்ற பாடத்தைப் பற்றியும் எழுதத் துணிகின்றேன். நான் கைப்பொருளைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. அன்பர்கள் அதனைச் செலவின்றிப் பெறலாம்.

எங்கள் குடியிருப்பில் பத்து வீட்டுப் பெண்மணிகள் கூடி, மாதம் 500 ரூபாய் வீதம் ஏலச்சீட்டு ஒன்று நடத்தினர். அவசரமுள்ளவர் முதல் மாதங்களிலேயே தள்ளிக் கேட்டுச் சீட்டை எடுப்பர் என்பதும், பொறுத்திருப்பவர் அத்தள்ளுபடியில் பங்கு பெறுவர் என்பதும் நம் வீடுகளில் யாவரும் அறிந்ததே. என் இல்லாள் பத்தாவது மாதம் வரையில் பொறுத்திருந்து, முழுத் தொகையாகிய 5,000 ரூபாயைப் பெற்றாள். தையல் இயந்திரம் ஒன்று வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து, அவ்வருவாயைக் கொண்டு மகளின் பள்ளிச் செலவைச் சரிக்கட்ட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். கோல் பஜாரில் காலால் மிதித்துத் தைக்கும் புதிய இயந்திரத்தின் விலை 8,600 ரூபாய். "பழையதாக நல்லது அகப்பட்டால் பார்த்து வாங்கி வாருங்கள்" என்று கூறி, அத்தொகையை என் கையில் தந்தாள். வழிச்செலவுக்கும் கைக்காவலுக்குமாக என் பங்கில் 4,000 ரூபாய் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் கரக்பூர் நிலையத்தில் வண்டி ஏறினேன். எங்கள் நிலையத்தின் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீளமானது என்ற பெருமை பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூரும், 2023-இல் ஹூப்ளியும் அப்பெருமையைப் பறித்துக்கொண்டன. ஹௌராவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர் தொலைவு. கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடக்கும்போது பனிமூட்டத்தினிடையே படகுகள் அசையாமல் நின்றன. ஹௌராவில் இறங்கி, 1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பெரும்பாலத்தின் மீது பேருந்தில் சென்று, பார்க் தெருவை அடைந்தேன். அதிலிருந்து பிரிந்து செல்வதே ரஸ்ஸல் தெரு.

இத்தெருவின் ஏலங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-க்குப் பின்னர் ஆங்கிலேயக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாயகம் திரும்பிய நாளில், அவர்களுடைய மேசை நாற்காலிகளும் பீங்கான் பாத்திரங்களும் பியானோக்களும் இங்கேதான் விலை கூறப்பட்டன. முன்னே பல ஏல நிலையங்கள் இருந்த தெருவில் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. நம் 'ஏலம்' என்ற சொல்லும், வங்காளியர் கூறும் 'நிலாம்' என்ற சொல்லும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் வழியாகப் பிறந்தவை என்று அறிஞர் கூறுவர். கப்பல் ஏறி வந்த சொல் இரு கரைகளில் இரு உருவம் கொண்டது போலும்.

நான் ஏலம் அறியாதவன் அல்லேன். ரயில்வே பண்டகசாலைப் பிரிவில் எழுத்தனாக இருப்பவன். கழித்துக் கட்டிய இரும்பும் செம்பும் 'உள்ள இடத்தில், உள்ளபடி' என்ற விதியின்மேல் ஏலத்தில் விற்கப்படுவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்து வருகிறேன். இப்போது அவ்வேலம் கணினி வழியே நடைபெறுகிறது; ஆயினும் வியாபாரிகள் முன்கூட்டியே நேரில் வந்து குவியலைப் புரட்டிப் பார்ப்பர்; தட்டிப் பார்ப்பர்; அரத்தால் உரசிப் பார்ப்பர்; சிறு தாளில் ஒரு தொகையை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். விலை அத்தொகையைத் தாண்டினால் முகம் மாறாமல் விலகிவிடுவர். இத்தனையும் கண்ட நான், என் முறை வந்தபோது அவற்றுள் ஒன்றையும் செய்தேன் அல்லேன்.

நான் புகுந்த ஏல நிலையத்தின் பெயர் இங்கு வேண்டா. நடந்த பிழை அதனுடையது அன்று. கூடத்தினுள் தேக்கு அலமாரிகளும், கண்ணாடிச் சரவிளக்குகளும், ஓடாத கடிகாரங்களும், பழைய துணிமூட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு மூலையில் வார்ப்பிரும்புக் கால்களும் கறுத்த உடலும் பொன்வண்ணப் பூவேலையுமாக ஒரு தையல் இயந்திரம் நின்றது. பொருள்களை முன்னாளே வந்து பார்க்க இடமளித்திருந்தனர். நானோ ஏலம் தொடங்க அரைமணி இருக்கையில் சென்றவன். சக்கரத்தைச் சுழற்றினேன், சுழன்றது. குனிந்து அடியில் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவன் போலத் தலையை அசைத்துவிட்டு வந்து அமர்ந்தேன்.

ஏலம் 2,000 ரூபாயில் தொடங்கி, 200 ரூபாய் வீதம் ஏறியது. 4,000-க்கு மேல் போவதில்லை என்று மனத்தில் எண்ணியிருந்தேன், தாளில் எழுதவில்லை. 4,000 வந்தபோது, "இன்னும் 200 தானே" என்றது மனம். அடுத்த முறையும் அதுவே கூறியது. 5,000 ஆனபோது ஏனையோர் ஓய்ந்தனர். தூணருகே குடையை ஊன்றி நின்ற முதியவர் ஒருவரும் நானும் மட்டுமே எஞ்சினோம். "இவ்வூர்க்காரர், வயது முதிர்ந்தவர், இவ்வளவு கேட்கிறாரே, பொருளின் அருமை அறியாமலா கேட்பார்?" என்று எண்ணி, மேலும் கேட்டேன். 6,600 என்றார் அவர். 6,800 என்றேன் நான். அவர் தலையசைத்து மறுத்தார். சுத்தியல் விழுந்தது. பந்தயத்தில் வென்றவன்போல் நெஞ்சு நிமிர்ந்தது. பணம் செலுத்துமிடத்தில் கழிவாக 680 ரூபாய் சேர்த்துக் கேட்டபோதுதான் நிமிர்ந்த நெஞ்சு சற்றே இறங்கியது.

நிற்க. அம்முதியவர் என்னிடம் வந்தார். மருமகளுக்காக அவ்வியந்திரத்தை வாங்க வந்தாராம். "பாபுஜி, நான் 4,000-லேயே நின்றிருப்பேன். நீங்கள் சக்கரத்தைச் சுழற்றி, அடியில் நோக்கி, தலையசைத்ததைக் கண்டேன். இயந்திரம் அறிந்தவர் கேட்கிறார், நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் பின்தொடர்ந்தேன்" என்று இந்தியில் கூறினார். நான் வாயடைத்து நின்றேன். அவர் என்னைச் சான்றாகக் கொண்டார். நான் அவரைச் சான்றாகக் கொண்டேன். எங்கள் இருவரில் எவரும் இயந்திரத்தைக் கேட்கவில்லை.

வாடகை வண்டிக்கு 400, சுமைக் கட்டணமும் கூலியும் 350 என்று கொடுத்து வீடு சேர்த்தேன். நூல் கோத்துத் துணியை வைத்தபோது தையல் விட்டுவிட்டு விழுந்தது. ஷட்டில் தேய்ந்திருந்தது, பெல்ட்டும் பாபின் கேஸும் மாற்ற வேண்டியிருந்தன. பழுது பார்க்க 1,450 ஆயிற்று. ஆக மொத்தம் 9,680 ரூபாய். புதியதைக் காட்டிலும் பழையதற்கு 1,080 ரூபாய் மிகுதியாகக் கொடுத்திருந்தேன். என் இல்லாள் கடிந்துகொள்ளவில்லை. "ஏலம் கேட்டீர்களே, தைத்துக் காட்டும்படி கேட்டீர்களா?" என்று மட்டும் வினவினாள். பத்து மாதம் பொறுத்து அவள் ஈட்டியதைப் பத்து நிமிடப் பதற்றத்தில் நான் தொலைத்தேன் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இவ்வகை இழப்பு எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகள் ஏலத்தில் விடப்பட்டபோது, பெரும் நிறுவனங்களும் மிகுவிலை கொடுத்து ஏமாந்ததை அமெரிக்கப் பொறியாளர் மூவர் 1971-இல் எழுதினர். இதனை 'வென்றவன் சாபம்' என்பர். பலர் ஒரு பொருளின் மதிப்பை உத்தேசிக்கும்போது சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் எண்ணுவர். ஏலத்தில் வெல்பவரோ எல்லாரினும் கூட்டி எண்ணியவர். ஆகவே வென்றோம் என்பதே, மிகுதியாக மதித்துவிட்டோம் என்பதற்கு அறிகுறி ஆகலாம். 2020-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு, பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் என்னும் இருவருக்கு ஏலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே வழங்கப்பட்டது.

சட்டமும் அறிந்திருத்தல் நலம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவின்படி, சுத்தியல் விழும்வரை கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்தபின் விற்பனை முடிந்தது. விற்பவர் முன்னறிவிப்பின்றித் தாமோ தம் ஆளைக் கொண்டோ விலை கேட்டு ஏற்றுதல் கூடாது. பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்டதாயின் வாங்கியவர் அவ்விற்பனையை மறுக்கலாம். ஆனால், தன் மனமே தன் விலையை ஏற்றிக்கொண்டவனுக்கு எச்சட்டமும் துணை வாராது.

ஆகையால் அன்பர்களுக்கு நான் கூறுவது இவ்வளவே. முன்னாளே சென்று பொருளை இயக்கிப் பாருங்கள். தொழில் அறிந்தவரை உடனழைத்துச் செல்லுங்கள். புதியதன் விலையிலிருந்து கழிவு, சுமைக்கூலி, பழுதுச் செலவு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதற்கும் கீழே ஒரு தொகையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலிருப்பவர் கேட்கிறார் என்பதைப் பொருளின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அவரும் உங்களைப் பார்த்தே கேட்கக்கூடும்.

மூன்று மாதம் கழித்து, துணியின் ஓரம் அடிக்கும் இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது. இம்முறை என் இல்லாளும் உடன்வந்தாள். சனிக்கிழமையே சென்று, கொண்டுபோயிருந்த துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தாள். 2,500 என்று தாளில் எழுதி மடித்தாள். அன்றிரவு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் ஏலத்துக்குச் சென்றோம். விலை 2,600 ஆனது. என் கை தானே எழுந்தது. அவள் அதனை மெல்லப் பிடித்து மடியில் வைத்தாள். இயந்திரம் வேறொருவருக்குப் போயிற்று.

வெறுங்கையுடன் வெளியே வந்து, தென்கல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குச் சென்று காப்பிப்பொடியும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினோம். மடித்த பணம் அவள் கைப்பையில் அப்படியே இருந்தது. வழிநெடுக அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை, முன்னே நான் இயந்திரத்துடன் வந்து இறங்கிய நாளில் கண்டேன் அல்லேன்.