கொட்டகலையில் ஒரு மரவாள்

அட்டன் புகையிரத நிலையத்தைக் கடந்ததும் பதுளை வண்டி சிங்கமலைச் சுரங்கத்தினுள் நுழைகின்றது. நெடுங்காலம் இலங்கையின் மிக நீண்ட புகையிரதச் சுரங்கமாக இருந்தது இதுவே. அரைக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இருள். இருள் விலகிச் சற்று நேரத்தில் வரும் நிலையந்தான் கொட்டகலை. பெரும்பாலான பிரயாணிகள் சென். கிளயர் நீர்வீழ்ச்சியைக் காணும் ஆவலில் ஜன்னலோரம் நெருங்கி நின்று, இவ்வூரை ஏறெடுத்தும் பாராமற் போய்விடுகின்றனர். நாம் இறங்கினோம். காரணம், ஒரு வாள்.

ஐரோப்பாவிலே பழங்காலப் போர்களை மீண்டும் நடித்துக் காட்டும் வழக்கம் உண்டு. 1066ஆம் ஆண்டு நடந்த ஹேஸ்டிங்ஸ் யுத்தத்தை இன்றும் அதே களத்தில் இரும்புச் சங்கிலிச் சட்டையும் கேடயமும் தரித்து நடத்துகின்றனர். அவர்களுடைய வாள் மெய்யான உருக்கு வாள். ஆனால் விளிம்பு மழுக்கப்பட்டது, நுனி உருண்டையானது. அமெரிக்காவில் 1966இல் தோன்றிய ஒரு சங்கத்தார் உருக்கையும் விடுத்துப் பிரம்பினால் வாள் செய்து பொருதுகின்றனராம். நம்மூர்ச் சிலம்ப வாத்தியார் கேட்டால் புன்னகை புரிவார்.

அப்படியாயின் நம்மவரிடம் அத்தகைய வழக்கம் இல்லையா என்று கேட்கலாம். மலையகத் தோட்டங்களில் விடிய விடிய ஆடப்படும் பொன்னர் சங்கர் கூத்தைப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை இது. குன்னுடையானுக்கும் தாமரைக்கும் பிறந்த இரு வீரர்கள், அவர்தம் தங்கை அருக்காணி, தலையூர்க் காளியின் பகை, கொம்பன் என்னும் பன்றி, இறுதியிலே படுகளம். வெட்டுண்டு வீழாத அச்சகோதரர்கள் தம் வாளாலேயே தம்முயிரை மாய்த்துக்கொள்கின்றனர். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசி மாதந்தோறும் அவர்களுக்கு விழா எடுக்கின்றனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் திருச்சி, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கால்நடையாய் வந்த மக்கள், மூட்டை முடிச்சுடன் இக்கதையையும் சுமந்து வந்தனர். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் அவ்வாறு வந்தவையே. காமனுக்குக் கரும்பு வில் போதும். அருச்சுனனோ பாசுபதம் வேண்டி உயர்ந்த தபசு மரத்தில் ஏற வேண்டும். வாளுக்கு வேலையுள்ளது பொன்னர் சங்கரில்தான்.

நிலையத்திலிருந்து தேயிலைச் சரிவின் வழியே ஏறிச் சென்றால் ஒரு பழைய லயம். அதன் தொங்கற் காம்பராவில் முன்னாளில் சங்கராக ஆடிய பெரியவர் ஒருவர் நம்மை வரவேற்றுப் பிளேன்ரீ தந்தார். எழுபதைக் கடந்தவர். கட்டிலின் கீழிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். மார்புப் பதக்கம், புஜகீர்த்தி, முருக்க மரத்தில் செய்த இலேசான கேடயம், அவற்றின் கீழே துணி சுற்றிய வாள்.

வாள் முழுதும் மரம். பிடங்கிய கிழட்டுத் தேயிலைச் செடியின் தூரில் கைப்பிடி கடைந்திருந்தார்கள். அலகின் மேல் ஒட்டியிருந்த வெள்ளித்தாள், அக்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறம் விரித்த தாள். இப்போது தேயிலை காகிதப் பைகளில் போகின்றது. அந்தத் தாளும் இல்லை, பெட்டியும் இல்லை.

"கூர் வச்சா அது கூத்துக்கு ஆகாதுங்க," என்றார் பெரியவர். "படுகளத்துல ஆடுறவனுக்கு அருள் வந்துரும். தன் கையில இருக்கிறது என்னான்னு அவனுக்கே தெரியாது."

ஹேஸ்டிங்ஸ் வீரர்கள் நுனியை உருட்டுவதற்குக் கூறும் நியாயமும் ஏறக்குறைய இதுதான். அருள் என்ற சொல் மட்டும் அங்கில்லை.

ஐரோப்பியருடைய முழு உருக்குக் கவசம் 15 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது என்று நாம் சொன்னபோது, மூலையில் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தார். அன்று அவர் மலையில் பறித்து நிறுத்துக் கொடுத்தது 18 கிலோ. கவசத்தைப் பற்றி அதற்கு மேல் நாம் பேசவில்லை.

வாள் ஒன்றுதானா, இரண்டல்லவா இருக்க வேண்டும் என்று வினவினோம். பெரியவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

பொன்னராக ஆடியவர் அவருடைய சொந்த அண்ணன். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 1948இல் பிரஜாவுரிமை இழந்திருந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே காம்பராவுக்குள்ளும் அந்தக் கோடு விழுந்தது. 1970களில் அண்ணன் குடும்பத்தோடு தலைமன்னாருக்குப் புறப்பட்டார். அந்த வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தனர். சட்டி பானைகளோடு தம் வாளையும் அவர் கொண்டுபோனார். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தோட்டவேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. 1984இல் இராமேசுவரக் கப்பலும் நின்றது. பின்னர் ஒரு கடிதம், அண்ணன் காலமான செய்தியுடன். வாளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

"அதுக்கப்புறம் பொன்னருக்கு இரவல் வாள்தாங்க," என்றார்.

இவ்வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மீண்டும் கூத்து வைப்பதாகப் பேச்சு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் பேரன் லீவில் வந்திருந்தான். கைத்தொலைபேசியில் வெளிநாட்டு உருக்கு வாட்போரை நமக்குக் காட்டி, லொறியின் பழைய வில்லுப்பட்டையைக் கொல்லரிடம் கொடுத்து அடித்தால் எவ்வளவு நேர்த்தியாயிருக்கும் என்றான். தாத்தா கேட்பதாயில்லை. இருவருக்கும் மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை குறைவென்று மருமகள் மெல்லச் சொன்னார். நமக்கும் அந்தப் பையன் பக்கம் ஓர் இரக்கம் இருந்தது. பளபளப்பை விரும்பாத வயதா அது? ஆனால் படுகளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பெரியவர் பக்கமே நிற்பார்கள்.

மாலை மூடுபனி இறங்கும் வேளையில் நாம் விடைபெற்று வெளியே வந்தபோது, வாசற்படியில் பேரன் ஒரு மரத்துண்டைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தான். அருகே பால்மாப் பைக்கற்றுகளைப் பிரித்து, உட்புற வெள்ளித்தாள் மேலே தெரியும்படி கல் வைத்து விரித்திருந்தான். பெரியவர் எழுந்து வந்து பழைய வாளை அதனருகில் வைத்து அளந்தார்.

"நுனி இன்னும் உருளணும், தம்பி," என்றார்.

பையன் தலைநிமிராமலே சுரண்டினான்.