காற்று உள்ளே போகிற ஓட்டை

புளியங்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு பஞ்சர் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் குமிழி கிளம்பும். துடைத்து, குறி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டினால் முடிந்தது. லீவு நாளெல்லாம் அந்தச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவன் அவருடைய மருமகன், அதாவது அக்கா மகன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னைப் பக்கம் காற்றாலை இறக்கை செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தான். லீக் பார்க்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னபோது அவனுக்கு ஒரே சிரிப்பு. "நமக்குக் கைவந்த வேலைல்லா மாமா!"

காற்றாலை அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. அதே காற்றுதான் கிழக்கே சுரண்டை, சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் காத்தாடிகளைச் சுற்றுகிறது. கயத்தாறில் மத்திய அரசின் காற்றாலை சோதனை நிலையமே இருக்கிறது. ஆனால் அந்த இறக்கை எதனால் ஆனது என்று கேட்டால் பலரும் இரும்பு என்பார்கள். இரும்பு இல்லை. பெரும்பாலும் கண்ணாடி இழைத் துணி. அதை இறுக்கிப் பிடித்திருப்பது ரெசின்.

செய்முறை கேட்பதற்கு எளிது. அச்சின் மேல் துணியை அடுக்கடுக்காக விரிக்கிறார்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரம் முழுக்க பசை டேப்பால் ஒட்டுகிறார்கள். இதுதான் வேக்குவம் பை. பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால், வெளியே இருக்கும் காற்று அந்தத் தாளை அழுத்தும். எவ்வளவு அழுத்தம் தெரியுமா? ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 டன்! அந்த அழுத்தம்தான் துணியையும் இறுக்குகிறது, ரெசினையும் குழாய் வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போகிறது.

இதில் ஒரு ஊசித்துளை இருந்தால்? உள்ளே அழுத்தம் 20 மில்லிபார்தான். வெளியே சுமார் 1000. ஆகவே உள்ளே நுழையும் காற்று ஐம்பது மடங்கு விரியும். ரெசின் போக வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். துணி நனையாத இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும். இறக்கை சுற்றும்போது விரிசல் அங்கிருந்து தொடங்கலாம். ரெசினில் ஹார்ட்னரைக் கலந்த பிறகு "கொஞ்சம் பொறுங்க, ஓட்டையை அடைத்துவிட்டு வருகிறோம்" என்று சொல்ல முடியாது. அது பாட்டுக்கு இறுகிக்கொண்டே இருக்கும்.

அவன் முதல்முதலாகக் கையில் எடுத்தது இறக்கைக்குள்ளே நெடுக்காக நிற்கும் ஒரு பலகை. பம்பை ஓட்டி, வால்வை மூடி, மீட்டரைப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் 20 மில்லிபார் 65 ஆகியிருந்தது. அவன் நேரே போய் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தான். சீனியர் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அதை ஊத்துனா உள்ளேதானே போகும்? துணி நனைஞ்சா மொத்தமும் போச்சு" என்று வாளியைப் பிடுங்கி வைத்தார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. டியூபில் காற்று வெளியே ஓடிவருகிறது, தானாகவே காட்டிக்கொடுக்கிறது. இங்கே காற்று உள்ளே போகிறது. வெளியே எந்த அடையாளமும் இல்லை.

சீனியர் முதலில் மீட்டரையே படிக்கக் கற்றுக்கொடுத்தார். வால்வை மூடியதும் வேகமாக ஏறி, போகப் போக ஏற்றம் குறைந்தால் அது பெரும்பாலும் துணியில் இருக்கும் ஈரம். இன்னும் கொஞ்ச நேரம் பம்பு ஓடினால் சரியாகிவிடும். நிமிடத்துக்கு நிமிடம் ஒரே அளவில் ஏறினால்தான் நிஜமான ஓட்டை. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பையைப் பிரித்து மறுபடி ஒட்டுபவர்கள் உண்டு. பாவம், அந்த ஷிப்ட் அதிலேயே போய்விடும்.

இது நிஜ ஓட்டை. பம்பையும் குழாயையும் தனியாக மூடிப் பார்த்தார்கள், அங்கே பழுதில்லை. அப்படியென்றால் பையில்தான். தாள் மூலைகளில் சுருங்காமல் படிவதற்காக, சேலைக் கொசுவம் போல மடித்து ஒட்டுவார்கள். ஓட்டை ஒளிந்துகொள்ளும் இடங்களில் முதலிடம் இந்தக் கொசுவங்களுக்குத்தான். பிறகு குழாய் நுழையும் இடம், கத்தரிக்கோல் பட்ட இடம்.

கையில் ஒரு கருவி கொடுத்தார்கள். சின்னத் துளையில் காற்று சீறும்போது மனிதக் காதுக்கு எட்டாத ஒலியும் உண்டாகிறது. நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இந்தக் கருவி 40,000 பக்கம் கேட்டு, அதை இறக்கி ஹெட்போனில் கொடுக்கும். பம்பு இரைச்சல் அவ்வளவாகக் குறுக்கே வராது. ஆனால் சீறல் பெரும்பாலும் பைக்குள்ளே நடப்பதால் சத்தம் ரொம்ப மெலிசு. டேப்பை ஒட்டி, விரற்கடை விரற்கடையாக நகர வேண்டும். முக்கால் மணி நேரம் குனிந்தே நடந்தான். ஒன்பதாவது கொசுவத்தில் "ஸ்ஸ்" என்றது. டேப்புக்கு அடியில் ஒரே ஒரு கண்ணாடி இழை, தலைமுடி மாதிரி, உள்ளிருந்து வெளியே குறுக்காகக் கிடந்தது. அதை ஒட்டித்தான் காற்று போய்க்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு, டேப்பை மாற்றி அழுத்தியதும் மீட்டர் அசையாமல் நின்றது.

ஆடியில் ஊருக்கு வந்தபோது கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னான். மாமா டியூபைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி இல்லாத எடத்துல நான் கன்னத்துகிட்ட வச்சுப் பாப்பேன். அங்க அதுவும் ஆவாதோ?"

"ஆவாது மாமா. காத்து உள்ளல்லா போவுது."

"அப்போ குமிழியும் உள்ளதான் வரும், என்ன?"

உள்ளேதான் வரும். ரெசின் ஏறிய பிறகு, ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். தொழிற்சாலைச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் ஒரு பழைய பலகையில் அந்தக் கோடு இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களை சீனியர் முதல் நாள் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்.